மார்கழியில் உறையும் பாமாயிலும் ஆலையின் குளிர்கலனும்



மேல்மலையனூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு அமாவாசையும் ஒரு சின்ன தீபாவளி. அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவத்திற்கு வரும் கூட்டத்துக்குச் சோறு போடும் கடைக்காரர்களும், வடை, பஜ்ஜி சுடும் தள்ளுவண்டிக்காரர்களும், அன்னதானம் செய்யும் குழுவினரும் இரண்டு நாள் முன்னதாகவே எண்ணெய் டின்களை எடுத்துச் சென்றுவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி அமாவாசைக்கு என் கடையில் ஆறு டின் பாமாயில் வாங்கிச் சென்ற சமையல் மேஸ்திரி ஒருவர், மறுநாள் விடியற்காலையில் நான்கு டின்களை வண்டியில் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். மூடியைத் திறந்தும் காட்டினார். மேலே நான்கு விரற்கடை தெளிந்த எண்ணெய். அதற்குக் கீழே வெண்ணெய் போல வெள்ளைக் கட்டி.

"என்னா முதலாளி, பாமாயில்னு சொல்லி டால்டாவைக் கலந்து குடுத்துட்டீங்களே!" என்று வாசலில் நின்ற பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டார்.

ஆலையின் சீல் உடையாத டின்கள். பில் கையில் இருந்தது. நான் எதையும் கலக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால், ஏன் உறைந்தது என்று அவருக்கு விளக்க எனக்குத் தெரியவில்லை. அதனால் நான்கு டின்களையும் எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பணம் போனது பெரிதல்ல. கலப்படக்காரன் என்ற பெயர் அந்த வாசலில் ஒரு வாரம் நின்றது. அதற்குப் பிறகுதான் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளில் வேலை பார்த்தவர்களிடம் இது பற்றி விசாரிக்க ஆரம்பித்தேன். தெரிந்துகொண்டதை நமது சங்க உறுப்பினர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே சாறு, மூன்று சரக்கு

எண்ணெயைப் பார்க்கும் முன் நம் கடையிலேயே உள்ள மூன்று சரக்குகளை எடுத்துக்கொள்வோம்: கற்கண்டு, வெல்லம், நாட்டுச் சர்க்கரை. மூன்றும் இனிப்புச் சாற்றைக் காய்ச்சிக் குளிர வைத்துச் செய்பவைதாம். பாகை நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, அசைக்காமல் நாள்கணக்கில் வைத்தால் பெரிய பெரிய கற்கண்டாக விளைகிறது. அச்சில் ஊற்றி ஆற விட்டால் வெல்லம். ஆறும்போதே துடுப்பால் கிளறிக்கொண்டே இருந்தால் தூளாகிச் சர்க்கரை. எவ்வளவு மெதுவாகக் குளிர்ந்தது, எவ்வளவு கிளறப்பட்டது என்பதைப் பொறுத்தே சரக்கின் உருவம் மாறுகிறது.

கொழுப்பும் இப்படித்தான். நெய்யை உருக்கி மெதுவாக ஆற விட்டால் மணல் மணலாக உறைகிறது. அதே நெய்யைச் சட்டென்று குளிர வைத்தால் மணல் இல்லாமல் மொழுமொழு என்று உறைகிறது. நெய் ஒன்றுதான், குளிர்ந்த விதம் வேறு.

இன்னொரு விஷயமும் உண்டு. தண்ணீர் 0 டிகிரியில் உறையும் என்பது போல எண்ணெய்க்கு ஒரே ஓர் உறைநிலை கிடையாது. எந்த எண்ணெயும் பலவகைக் கொழுப்புகளின் கலவை. சில 50 டிகிரிக்கு மேலும் கெட்டியாக நிற்கும். சில 0 டிகிரியிலும் திரவமாகவே இருக்கும். குளிர் ஏற ஏறக் கெட்டி இனங்கள் முதலில் படிகமாகின்றன. முதலில் எண்ணெய் கலங்கும். பிறகு அடியில் வெள்ளையாகப் படியும். கடைசியில் முழுவதும் இறுகும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உறைந்துவிடுகிறது. அதை யாரும் கலப்படம் என்று சொல்வதில்லை. சுத்தமான எண்ணெய் என்று மெச்சி வாங்குகிறார்கள். பாமாயில் உறைந்தால் மட்டும் சந்தேகம் வருகிறது. இரண்டிலும் நடப்பது ஒன்றே.

பாமாயில் என்று நாம் விற்பது எது?

எண்ணெய்ப் பனையின் பழச் சதையிலிருந்து எடுக்கும் எண்ணெயில் ஏறக்குறைய பாதி கெட்டிக் கொழுப்பு இனத்தைச் சேர்ந்தது. ஆகவே நம் ஊர் வெயிலிலேயே அது பாதி கட்டியாக இருக்கும். அதை அப்படியே கரண்டியால் ஊற்றி விற்க முடியாது. எனவே ஆலையில் அதைச் சுத்தம் செய்து, வேண்டுமென்றே குளிர வைத்து, உறைந்த பகுதியை வடிகட்டி எடுத்துவிடுகிறார்கள். உறைந்த பகுதிக்கு ஸ்டியரின் என்று பெயர். வடிந்து வரும் திரவப் பகுதி ஒலீன். பாமாயிலின் ஒலீன்தான் பாமோலின். நாம் பாமாயில் என்று விற்பதும், ரேஷன் கடைகளில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் வழங்கப்பட்டு வருவதும் இந்தப் பாமோலின்தான். நூறு கிலோ எண்ணெயிலிருந்து 75 முதல் 80 கிலோ வரை ஒலீன் கிடைக்கும், மீதி ஸ்டியரின். ஸ்டியரின் சோப்பு ஆலைகளுக்கும் வனஸ்பதி ஆலைகளுக்கும் போகிறது.

இந்த முறை புதிதல்ல. 1869ஆம் ஆண்டு பிரான்சில் மேஜ்-மூரியே என்பவர் மாட்டுக் கொழுப்பை உருக்கி, மெதுவாகக் குளிரவைத்து, கெட்டிப் பகுதியைப் பிழிந்து நீக்கிவிட்டு, மீதியிலிருந்து மார்ஜரின் செய்யக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவில் பருத்திக்கொட்டை எண்ணெயைப் பெரிய தொட்டிகளில் நிரப்பிக் குளிர்காலம் முழுதும் வெளியில் வைத்திருந்து, வசந்த காலத்தில் மேலே தெளிந்ததை மட்டும் இறைத்து விற்றார்கள். இப்படிச் செய்ததற்கு விண்டரைசேஷன் என்ற பெயர் இன்றும் ஆலைகளில் வழங்குகிறது. குளிர்காலப்படுத்துதல் என்று பொருள். மலேசியாவில் 1970களில் இதற்கான ஆலைகள் பெருகின. நம் நாட்டில் 1994 ஏப்ரலில் பாமோலினை ஓ.ஜி.எல். பட்டியலில் சேர்த்துத் தனியாரும் இறக்குமதி செய்யலாம் என்று ஆன பிறகு, இந்த எண்ணெய் எல்லா மளிகைக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது.

குளிர்கலன் எப்படி அமைகிறது?

இயற்கையின் குளிர்காலம் செய்த வேலையை இன்று ஆலையில் ஒரு கலன் செய்கிறது. கிரிஸ்டலைசர் என்பார்கள். நாம் குளிர்கலன் என்று சொல்வோம். எண்ணெய் நம் கடையில் உறையுமா உறையாதா என்பது பெரும்பாலும் இந்தக் கலனுக்குள்தான் முடிவாகிறது.

முதலில் எண்ணெயை 70 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, ஒரு படிகமும் மிச்சமில்லாமல் உருக்குகிறார்கள். பழைய படிகம் துளி மீதி இருந்தாலும் அது விதையாகி, வேண்டாத நேரத்தில் மறுபடி முளைத்துவிடும். பிறகு அதைக் கலனில் நிரப்பி மெதுவாகக் குளிர வைத்து, 20 டிகிரியை ஒட்டிய சூட்டில் நிறுத்தி, படிகங்கள் நன்றாக வளரும் வரை காத்திருந்து, பில்டர் பிரஸ்ஸுக்கு அனுப்புகிறார்கள். கலனின் அமைப்பைப் பொறுத்து இதற்குச் சில மணி நேரம் முதல் ஒரு பகல் ஓர் இரவு வரை ஆகும்.

எண்ணெயைக் குளிர வைப்பது இவ்வளவு பெரிய வேலையா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நமக்குக் கணக்கு புதிதல்ல.

பத்து டன் எண்ணெயை 70 டிகிரியிலிருந்து 20 டிகிரிக்கு இறக்க வேண்டும். ஒரு கிலோ எண்ணெயை ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ அரை கிலோ கலோரி வெப்பத்தை எடுக்க வேண்டும். தண்ணீருக்கு ஆவதில் பாதி. ஐம்பது டிகிரிக்கு, பத்தாயிரம் கிலோவுக்கு, 2,50,000 கிலோ கலோரி ஆகிறது. இதோடு முடியவில்லை. கொழுப்பு உறையும்போது தானே வெப்பத்தை வெளிவிடும். ஒரு கிலோ உறைந்தால் சுமார் 45 கிலோ கலோரி வரும். பத்து டன்னில் இரண்டு டன் உறைவதாக வைத்தால் இன்னொரு 90,000. ஆக மொத்தம் 3,40,000 கிலோ கலோரி வெளியேற வேண்டும். பத்து மணி நேரத்தில் முடிக்க நினைத்தால் மணிக்கு 34,000. நம் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு சுமார் 4,500 கிலோ கலோரி எடுக்கும். அப்படிப்பட்ட ஏழெட்டு ஏ.சி.க்களின் வேலை ஒரே கலனுக்குத் தேவைப்படுகிறது. தொடக்கத்தில் எண்ணெய் சூடாக இருக்கும்போது சாதாரணத் தண்ணீரே போதும். கடைசிக் கட்டத்துக்குத்தான் இயந்திரத்தில் குளிர்வித்த நீர் வேண்டும்.

இந்த வெப்பம் எந்த வழியாக வெளியேறும்? கலனின் சுவர் வழியாகத்தான். இங்கேதான் சிக்கல் வருகிறது. நம் 15 கிலோ டின்னின் நான்கு பக்கத் தகட்டையும் சேர்த்தால் மூன்றில் ஒரு சதுர மீட்டர் வரும். அந்தக் கணக்கில் ஒரு டன் எண்ணெய்க்கு 22 சதுர மீட்டர் சுவர் கிடைக்கிறது. பத்து டன் எண்ணெய் கொள்ளும் உருளைத் தொட்டிக்கு, அதாவது சுமார் 2.2 மீட்டர் குறுக்களவும் 2.9 மீட்டர் உயரமும் உள்ள தொட்டிக்கு, மொத்தச் சுவரே 20 சதுர மீட்டர்தான், டன்னுக்கு இரண்டு. பாத்திரம் பெரிதாகப் பெரிதாக, உள்ளே இருக்கும் சரக்கு வேகமாகக் கூடுகிறது. சுவர் அந்த வேகத்தில் கூடுவதில்லை. டின் ஓர் இரவில் உறைந்துவிடுவதும், பெரிய தொட்டி அப்படிச் சட்டென்று குளிராததும் இதனால்தான்.

சுவரைச் சுற்றி இன்னொரு உறை போட்டு அதற்குள் குளிர்நீரை ஓட விடுகிறார்கள், ஜாக்கெட் என்பார்கள். எண்ணெய்க்கும் நீருக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் மணிக்கு சுமார் 500 கிலோ கலோரி கடத்தும் என்று வைத்துக்கொள்வோம். இருபது சதுர மீட்டருக்கு 10,000. நமக்கு வேண்டிய 3,40,000 வெளியேற 34 மணி நேரம் ஆகிவிடும். பத்து மணி நேரத்தில் முடிக்க 68 சதுர மீட்டர் வேண்டும். அதனால்தான் ஜாக்கெட் போதாமல், கலனுக்குள்ளும் சுருள் சுருளாகக் குழாய்களையோ குளிர்த் தகடுகளையோ அமைக்கிறார்கள்.

அப்படியானால் குழாய் போடுவானேன், இன்னும் குளிர்ந்த நீரை விட்டால் சீக்கிரம் முடியாதா? முடியாது. அவசரப்பட்டு மிகக் குளிர்ந்த நீரை விட்டால் சுவரை ஒட்டிய எண்ணெய் சட்டென்று உறைந்து, தோசைக் கல்லில் தீய்ந்த மாவு போல ஒட்டிக்கொள்ளும். அந்த உறைந்த பூச்சு ஒரு கம்பளி போலாகி, உள்ளே உள்ள எண்ணெய்க்குக் குளிர் போகாமல் தடுக்கும். மிதந்து வரும் மற்ற படிகங்களும் பொடிப் பொடியாக இருக்கும். பொடிப் படிகம் வடிகட்டித் துணியை அடைத்துவிடும். தன்னோடு நல்ல எண்ணெயையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒலீன் குறையும், வடிந்ததும் சுத்தமாக இருக்காது. ஆகவே எண்ணெய்க்கும் நீருக்கும் இடையே உள்ள வித்தியாசம் சில டிகிரிகளுக்கு மேல் போகாதபடி, எண்ணெயின் சூடு இறங்க இறங்க நீரின் சூட்டையும் படிப்படியாக இறக்கிக்கொண்டு போகிறார்கள். உறையத் தொடங்கியதும் எண்ணெய் தானே வெப்பம் விடுவதால், குளிரவேண்டிய எண்ணெயின் சூடு ஓரிரு டிகிரி ஏறவும் செய்யும். அந்த நேரத்தைச் சமாளிக்கும் அளவுக்குக் குளிர்ப் பரப்பு இல்லாத கலன் தடுமாறிப் போகும்.

அடுத்தது துடுப்பு. கலனின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு தண்டும் அதில் துடுப்புகளும் சுழலும். சுழலாவிட்டால் சுவரோரம் உறைந்து, நடுவில் சூடாகவே இருக்கும். படிகமும் அடியில் போய்ப் படிந்துவிடும். வேகமாகச் சுழன்றால் வளர்ந்த படிகம் உடைந்து தூளாகும். எனவே எண்ணெய் தண்ணீராக இருக்கும் தொடக்கத்தில் சற்று வேகமாகவும், படிகம் வளர்ந்து கூழாக ஆகும்போது மிக மெதுவாகவும் சுற்றும்படி வேகத்தை மாற்றும் மோட்டார் வைக்கிறார்கள். சில நவீனக் கலன்களில் துடுப்பு இல்லாமல் குளிர்க் குழாய்க் கட்டே மெல்ல அசைந்துகொண்டிருக்கும். கலனில் எண்ணெய் தேங்கும் மூலை இருக்கக் கூடாது. அடிப்பகுதி சரிவாக இருக்க வேண்டும். வடிகட்டிக்குக் கொண்டுபோகும் பம்பும் படிகத்தை நசுக்காத வகையாக இருக்க வேண்டும். பாடுபட்டு விளைவித்த கற்கண்டைக் கடைசி நிமிடத்தில் உரலில் இட்டு இடித்த கதையாகிவிடக் கூடாதல்லவா?

இவ்வளவும் சரியாக நடந்தால் மணல் போன்ற, ஒரே அளவான, உறுதியான படிகங்கள் கிடைக்கும். பில்டர் பிரஸ்ஸில் ரப்பர் உறையைக் காற்றாலோ நீராலோ உப்ப வைத்து அழுத்தும்போது ஒலீன் முழுதும் பிழிந்து வந்துவிடும். நேரத்தைக் குறைத்து அவசர அவசரமாகக் குளிர வைத்த எண்ணெயில், நீக்கியிருக்க வேண்டிய கெட்டிக் கொழுப்பு ஒலீனோடு வந்துவிடும். ஆலையில் சூடாக நிரப்பும்போது அது தெளிவாகத்தான் தெரியும். மார்கழி இரவில் நம் கடையில்தான் தன் சுயரூபத்தைக் காட்டும்.

வனஸ்பதிக்கு நேர்மாறான கலன்

வனஸ்பதி, மார்ஜரின், பேக்கரிக் கொழுப்பு ஆகியவற்றில் யாரும் கட்டியையும் எண்ணெயையும் பிரிக்க விரும்புவதில்லை. இரண்டும் பிரியாமல் ஒன்றாக இருக்க வேண்டும். ஆகவே பேக்கரிக் கொழுப்புக்கு நேர்மாறான கலனை வைக்கிறார்கள். நீண்ட குழாய், அதற்கு வெளியே அம்மோனியாக் குளிர், உள்ளே சுழலும் கத்திகள். குழாய்ச் சுவரில் கொழுப்பு உறைந்த கணமே கத்தி அதைச் சுரண்டி எடுத்துவிடும். பாமோலினுக்கு மணிக்கணக்கில் ஆகும் வேலை இங்கே சில விநாடிகளில் முடிகிறது. படிகங்கள் கண்ணுக்குத் தெரியாத பொடியாகி, எண்ணெயைத் தமக்குள் சிறை பிடித்துக்கொள்கின்றன. ஐஸ்கிரீம் செய்யும் இயந்திரமும் இதே வகைதான்.

1937இல் டால்டா விற்பனைக்கு வந்த காலத்திலிருந்தே நம் மக்கள் வனஸ்பதியிலும் நெய்யின் மணலைத் தேடினார்கள். அதற்காக, உருகிய வனஸ்பதியை டின்களில் நிரப்பிக் குளிர் அறையில் அடுக்கி வைத்து, அசைக்காமல் மெதுவாக உறைய விடும் வழக்கம் ஏற்பட்டது. அங்கே டின்னே குளிர்கலன். அப்படி வந்த டின்னைக் கோடை வெயிலில் உருக விட்டு மறுபடி உறைய வைத்தால், பழைய மணல் திரும்ப வராது; மேலே எண்ணெய் நிற்கும். சரக்கு கெட்டுப் போகவில்லை. ஆனால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். இன்னொரு மாற்றமும் வந்துள்ளது. டிரான்ஸ் கொழுப்பு அளவை 2021இல் நூற்றுக்கு 3 என்றும், 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 என்றும் அரசு குறைத்துவிட்டது. ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும் பழைய முறைக்குப் பதில், ஸ்டியரின் போன்ற இயல்பாகவே கெட்டியான கொழுப்புகளைச் சேர்த்துச் செய்கிறார்கள். இவை உறையும் விதம் வேறு என்பதால் பழைய டின்னின் மணலும் புதிய டின்னின் மணலும் ஒன்றாக இல்லையென்று வாடிக்கையாளர் சொன்னால் அதில் உண்மை இருக்கிறது.

மற்ற எண்ணெய்கள்

சூரியகாந்தி எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் கலக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் மெழுகு. விதைத் தோலிலிருந்தும் தவிட்டிலிருந்தும் வரும் இந்த மெழுகை எண்ணெயை நன்கு குளிர வைத்து வடிகட்டி நீக்குகிறார்கள். மெழுகின் அளவு மிகக் குறைவு. அதனால் கலன் எளியது. ஆனால் குளிர் அதிகம் வேண்டும். இந்த வேலை அரைகுறையாக நடந்தால் பாட்டிலின் அடியில் பஞ்சு போல மிதக்கும்.

செஞ்சிப் பக்கம் மல்லாட்டை விளையும் பூமி. மணிலா எண்ணெய் நமக்குத் தெரியாததல்ல. இது நம் ஊர்க் குளிருக்கு உறைவதில்லை. மிகக் குளிர்ந்த இடத்தில் உறைந்தாலும் மணலாகாமல் பசை போல ஆகிவிடும், வடிகட்டவே வராது. ஆகவே மணிலா எண்ணெயை இப்படிக் குளிரவைத்துப் பிரிப்பது வழக்கமில்லை. மார்கழியில் மணிலா எண்ணெய் டின் ஒன்று அடியில் வெள்ளையாக உறைந்தால், அதில் வேறு எண்ணெய் கலந்திருக்கலாம் என்று சந்தேகப்பட இடமுண்டு. ஆனால் அது சந்தேகம்தான், சாட்சியல்ல. சாட்சிக்கு ஆய்வுக்கூடத்தில் பெல்லியர் சோதனை என்று ஒன்று இருக்கிறது. எண்ணெயைச் சோப்பாக்கிச் சாராயத்தில் கரைத்து, எந்தச் சூட்டில் கலங்குகிறது என்று பார்ப்பார்கள். மணிலா எண்ணெய்க்கு அது 39 முதல் 41 டிகிரிக்குள் வர வேண்டும் என்பது சட்டத்தில் கண்ட தரம். இதுவும் ஒரு குளிர்ச் சோதனைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

எண்ணெயைக் குளிர வைத்துக்கொண்டே போனால் எந்தச் சூட்டில் கலங்கத் தொடங்குகிறதோ அதைக் கலங்கு நிலை என்று சொல்லலாம். நம் நாட்டு உணவுத் தரத்தின்படி பாமோலினின் கலங்கு நிலை 18 டிகிரிக்கு மேல் இருக்கக் கூடாது. மலேசியத் தரம் 10 டிகிரி. இரண்டு முறை பிரித்தெடுத்த சூப்பர் ஒலீனுக்கு இன்னும் குறைவு. ஆகவே 17 டிகிரியில் கலங்கும் பாமோலினும், 9 டிகிரியில் கலங்கும் பாமோலினும் சட்டப்படி நல்ல சரக்கே. மார்கழி, தை மாத அதிகாலையில் முதல் சரக்கு உறையும். இரண்டாவது தாக்குப் பிடிக்கும்.

ஒரு நுணுக்கத்தையும் கவனிக்க வேண்டும். கலங்கு நிலையைச் சோதனைச் சாலையில் சிறிது நேரத்தில் அளந்துவிடுகிறார்கள். நம் கடையில் டின் பல நாள் ஒரே குளிரில் நிற்கிறது. ஆகவே கலங்கு நிலையைவிட ஓரிரு டிகிரி, சில சமயம் பல டிகிரி அதிகமான சூட்டிலேயே படிகம் மெல்ல வளர்ந்துவிடும். காலத்துக்கும் குளிருக்கும் உள்ள கணக்கு கலனிலும் டின்னிலும் ஒன்றேதான்.

1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் போய், 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் 2011 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. இச்சட்டப்படி உற்பத்தியாளரும் மொத்த வியாபாரியும் தாம் விற்கும் உணவுப் பொருளின் தரத்துக்கு நமக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். அவர்கள் தரும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும். பில் இல்லாமல் ஐந்து ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதென்று வாங்கும் டின் உறைந்துபோனால் நமக்குத் துணை யாரும் இல்லை.

கடையில் நாம் செய்ய வேண்டியவை

1. கார்த்திகை பிறந்ததும் பாமாயில் கொள்முதல் செய்யும்போது, கலங்கு நிலை என்ன, சூப்பர் ஒலீனா, சாதாரண ஒலீனா என்று மொத்த வியாபாரியிடம் கேளுங்கள். ஆலைகள் ஒவ்வொரு தொகுதிக்கும் இதை அளந்து வைத்திருக்கும். நாம் கேட்க ஆரம்பித்தால்தான் அவர்களும் சொல்ல ஆரம்பிப்பார்கள்.

2. டின்களை வெறும் சிமெண்டுத் தரையில், ஷட்டரை ஒட்டி வைக்காதீர்கள். பலகை மேல், உள்சுவரை ஒட்டி, நெருக்கமாக அடுக்குங்கள். ஒன்றை ஒன்று ஒட்டிய டின்களுக்கு வெளிச்சுவர் குறைவு. குளிர் மெதுவாகத்தான் ஏறும்.

3. உறைந்த டின்னை அடுப்பின் மேல் நேரடியாக வைக்கவே கூடாது. மூடிய டின் வெடிக்கும். அடி எண்ணெய் தீயும். கை பொறுக்கும் அளவு வெந்நீர்த் தொட்டியில் நிறுத்தி வையுங்கள். உள்ளே தண்ணீர் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். நாள்கணக்கில் வெயிலில் போடுவதும் நல்லதல்ல. காறல் வாடை வந்துவிடும்.

4. பாதி உருகியவுடன் எடுத்துவிடாதீர்கள். மீதி நிற்கும் படிகம் விதையாகி அன்று இரவே மறுபடி உறைய வைக்கும். ஆலையில் முழுவதும் உருக்கிய பின்தான் குளிர வைக்கிறார்கள் என்பதை நினைவில் கொள்ளுங்கள். முழுவதும் தெளிந்த பிறகு டின்னை நன்றாகக் குலுக்கி வையுங்கள்.

5. ஓட்டல், மெஸ் வைத்திருப்பவர்களிடம், உறைந்த டின்னில் மேலே உள்ளதை மட்டும் ஊற்றிப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். அப்படிச் செய்தால் அடியில் ஸ்டியரின் மட்டுமே மிஞ்சும். கடைசிச் சட்டியில் சுட்ட பலகாரம் ஆறியதும் நாக்கில் மெழுகு போல ஒட்டும். குறை நம் சரக்கின் மேல் வரும். எண்ணெயைத் திறந்த டின்னிலிருந்து சில்லறையாக அளந்து விற்பதைச் சட்டம் கட்டுப்படுத்தியிருப்பதையும் மறக்க வேண்டாம்.

6. பில்லையும், டின்னில் உள்ள தொகுதி எண்ணையும் சரக்கு தீரும் வரை வைத்திருங்கள்.

முடிவாக

அந்த மார்கழியில் திரும்ப வந்த நான்கு டின்களும் வெந்நீரில் நின்று, மதியத்துக்குள் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டன. பொங்கலுக்குள் விற்றும் போயின. அதில் வாங்கியவர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை. மேஸ்திரி அடுத்த அமாவாசைக்கு வந்தபோது, தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் ஒன்றையும் பாமாயில் பாட்டில் ஒன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். இரண்டும் உறைந்திருந்தன. அண்ணே, இது சுத்தம்னா அதுவும் சுத்தந்தானே என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டு ஆறு டின் எடுத்துச் சென்றார்.

பதில் தெரியாததால் அன்று நான் பட்ட அவமானம் இன்னொரு வியாபாரிக்கு வர வேண்டாம். உறைவது கலப்படமல்ல, ஆலையில் மிச்சம் விட்ட குளிரை நம் கடையின் இரவு முடித்து வைக்கிறது, அவ்வளவே. இதைப் படித்த உறுப்பினர்கள் தங்கள் கடைப் பையன்களுக்கும் சொல்லிவைத்தால், வரும் மார்கழியில் வாடிக்கையாளர் கேட்கும்போது கல்லாவில் நாம் இல்லாவிட்டாலும் சரியான பதில் போய்ச் சேரும்.